ஸ்கிரிப்ட் எங்கே குடியிருக்கிறது?

போன தவணை நாங்கள் எழுதிய ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் தரம் 11 பிள்ளைகள் 7 பேரின் செயற்றிட்டத்தை அழித்துவிட்டது. பிழை எங்களுடையது.

புள்ளிகள் இருக்கும் கோப்புறைக்குள்ளேயே ஸ்கிரிப்டையும் வைத்திருந்தோம். புள்ளிகளைப் பென் டிரைவில் பிரதி எடுத்துவிட்டு, பக்கத்திலுள்ள 'பழையவை' கோப்புறையை அழிக்கும். அங்கே நின்று ஓட்டியவரை ஒரு குறையும் இல்லை. ஒருநாள் இன்னொரு சேர் பிள்ளைகளின் கோப்புறையில் நின்றபடி முழுப் பாதையைக் கொடுத்து ஓட்டினார். பிரதி எடுக்கும் வரி பிழை காட்டியது. ஸ்கிரிப்ட் அதைக் கணக்கெடுக்காமல் அடுத்த வரிக்குப் போனது. அங்கேயும் ஒரு 'பழையவை' இருந்தது. டெர்மினலில் அழித்தது குப்பைக்கூடைக்கும் போகாது.

எங்கள் டிக்கோயாவில் 'கீழ் லயம்' என்றால், எந்தத் தோட்டத்தில் நின்று சொல்கிறோம் என்று பார்க்க வேண்டும். ஷெல்லும் அப்படித்தான். வெறும் 'பழையவை' என்றால் ஸ்கிரிப்ட் குடியிருக்கும் இடத்தில் தேடாது, ஓட்டுபவர் நிற்கும் இடத்தில்தான் தேடும்.

ஆகவே ஸ்கிரிப்ட் ஓடும்போதே தன் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பாஷில் 'பாஷ்_சோர்ஸ்' என்ற மாறி அந்தக் கோப்பின் பாதையைத் தரும். 'டிர்நேம்' கடைசிப் பெயரை வெட்டிவிட்டுக் கோப்புறையை மட்டும் மிச்சம் வைக்கும். அதற்குள் 'சிடி' செய்து 'பிடபிள்யூடி' கேட்டால் முழு முகவரி கையில். மேற்கோள் குறிகளை விட்டுவிடாதீர்கள், 'தரம் 11' என்ற பெயரில் இடைவெளி இருக்கிறதே! பலர் டொலர் பூச்சியத்தை எடுப்பார்கள். 'சோர்ஸ்' கட்டளையால் அழைத்தால் அது அழைத்தவரின் பெயரைத்தான் சொல்லும். உபுண்டுவில் 'எஸ்எச்' என்று ஓட்டினால் பாஷ்_சோர்ஸே கிடையாது. 2006 இல் வந்த 6.10 பதிப்பிலிருந்து அங்கே எஸ்எச் என்பது டாஷ்.

டெஸ்க்டொப்பில் இணைப்புப் போட்டு ஓட்டினால் இன்னொரு சிக்கல்: இணைப்பு இருக்கும் இடம்தான் வரும். சஞ்சீவ வீரவரண முதலானோர் 2005 இல் தொடங்கிய நம் நாட்டு டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தின் சேர்வர் ஸ்கிரிப்டைத் திறந்து பாருங்கள். டொலர் பூச்சியம் இணைப்பா என்று பார்த்து, அது முடியும்வரை பின்தொடர்ந்து, பிறகுதான் தன் வீட்டைத் தீர்மானிக்கும். அப்பாச்சி டொம்கட்டிலும் இதே வழிதான். நமக்கு 'ரீட்லிங்க் -எஃப்' போதும்.

இப்போது எங்கள் ஸ்கிரிப்ட் முதலில் தன் கோப்புறைக்குப் போகும். போக முடியாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். அழிக்கும் வரியை எடுத்துவிட்டோம். அந்த 7 பேரும் 3 சனிக்கிழமை மழையில் வந்து எல்லாவற்றையும் திரும்ப டைப் செய்தார்கள். எட்டாவது பிள்ளை தன்னுடையதைச் சொந்தப் பென் டிரைவிலும் வைத்திருந்தாள், மாஷா அல்லாஹ். அவளுக்கு அதை நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை.