இரண்டு சீதா, இரண்டு உல்டா

டிசம்பர் பிறந்துவிட்டால் டெல்லி சாணக்யபுரியில் வெயிலுக்கு மவுசு வந்துவிடும். சாந்திபத்தின் இருபுறமும் தூதரகங்கள். கொஞ்சம் தள்ளினால் வினய் மார்க், சத்ய மார்க் என்று மத்திய அரசு ஊழியர்களின் குடியிருப்புகள். பனிமூட்டம் விலகியதும் அங்கே புல்தரையில் பாயும் கயிற்றுக் கட்டிலும் வந்து விழும். வேர்க்கடலை, ஆரஞ்சு, துணிப்பைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் இரண்டு ஊசிகள். கும்பகோணத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் கல்யாணமாகி வந்த எத்தனையோ பெண்கள் கம்பளி நூலை முதன்முதலாகத் தொட்டது இப்படிப்பட்ட புல்தரைகளில்தான். என் அம்மாவும் அவர்களில் ஒருவர்.

கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டு பஞ்சாபி ஆன்ட்டி. அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு அப்போது இந்தி வராது. சீதா, உல்டா, ஃபந்தா (கண்ணி), சலாயி (ஊசி) என்று நாலே சொல்லில் வகுப்பு நடந்திருக்கிறது. நூல் ஊசிக்குப் பின்னால் இருந்தால் சீதா, முன்னால் வந்தால் உல்டா. இரண்டு சீதா, இரண்டு உல்டா என்று மாற்றி மாற்றிப் போட்டால், இழுத்தால் விரிந்து விட்டால் சுருங்கும் பார்டர் கிடைக்கும். ஸ்வெட்டரின் இடுப்பும் மணிக்கட்டும் அதில்தான் நிற்கின்றன.

டிசைனுக்குப் புத்தகம் எதுவும் கிடையாது. பஸ்ஸில் முன்னால் நிற்கிற பெண்ணின் முதுகில் புதிதாக ஒரு பின்னல் தெரிந்தால், அம்மா உதட்டுக்குள் எண்ண ஆரம்பித்துவிடுவார். வீட்டுக்கு வந்ததும் மிச்ச நூலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மாதிரி போட்டு டிரங்குப் பெட்டியில் வைத்துவிடுவார். ஜாலி, கேபிள், சாபுதானா என்று பெட்டி நிறைய மாதிரிகள் சேர்ந்தன.

ஸ்காட்லாந்தின் வடகோடியில் இருக்கிற ஷெட்லாந்து தீவுகளைப் பற்றிப் படிக்கப் போய்தான் அம்மாவின் பெட்டி மேல் எனக்கு மரியாதை கூடியது. அந்தத் தீவுப் பெண்கள் பீட் என்ற சதுப்புக் கரியைக் கூடையில் முதுகில் சுமந்து நடக்கும்போதே இரு கையாலும் பின்னிக்கொண்டு போனவர்கள். அவர்களுடைய சால்வையின் நயத்தை, மோதிரத்துக்குள் நுழைந்து வெளியே வரும் என்று சொல்லிப் பெருமைப்படுவார்கள். பக்கத்து ஃபேர் ஐல் தீவின் பல வண்ண ஸ்வெட்டரை இங்கிலாந்து இளவரசர் 1922-இல் கோல்ஃப் மைதானத்துக்கு அணிந்து வந்த பிறகு உலகமே அதைக் கேட்டு வாங்கியது. அந்த ஸ்வெட்டரைப் பின்னும் விதம் துணிச்சலானது. உடம்பு முழுவதையும் குழாய் மாதிரி வட்டமாகப் பின்னிவிட்டு, கை வைக்கிற இடத்தில் கத்தரிக்கோலால் நேராக வெட்டுவார்கள். ஷெட்லாந்து ஆட்டின் ரோமத்துக்கு ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும் குணம் உண்டு, அதனால் வெட்டிய இடம் பிரிந்து ஓடாது.

ஷெட்லாந்துப் பெண்களுக்கு வியாபாரிகள் கூலியைப் பணமாகத் தராமல் தேயிலையாகவும் துணியாகவும் கொடுத்து ஏய்த்தார்கள். அதை விசாரிக்க பிரிட்டிஷ் அரசு கமிஷன் போட்டது. 1872-இல் அறிக்கை வந்தது. பின்னல்காரிகள் சாட்சி சொன்னது அச்சில் இருக்கிறது, இன்றும் படிக்கலாம். விற்ற பொருளுக்குத்தான் கணக்கும் வழக்கும். டெல்லிப் பெண்கள் பின்னியது கணவனுக்கும் குழந்தைக்கும் ஊரிலிருக்கிற மாமனாருக்கும். அதற்கு ரசீது இல்லை, ஏமாந்தவர் இல்லை, சாட்சியும் இல்லை. காஞ்சிபுரத்தையும் பனாரசையும் போற்றுகிற நாம் இதைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட்டோம். எனக்கு இது பொறுக்கவில்லை.

அந்தக் கைத்திறன் முழுவதும் தெரிவது பழைய ஸ்வெட்டரைப் பிரிக்கும்போதுதான். தறித்துணி கிழிந்தால் கிழிந்ததுதான். பின்னலோ ஒரே நூலின் ஓட்டம். தையலைப் பிரித்து முனையைக் கண்டுபிடித்து இழுத்தால் வரிசை வரிசையாக அவிழ்ந்து வரும். அம்மா அதை நாற்காலி முதுகில் சுற்றி லச்சியாக்கி, நாலு இடத்தில் தளரக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் ரீட்டா (பூந்திக்கொட்டை) போட்டு அலசுவார். கொடியில் தொங்கவிட்டு, அடியில் பூட்டு ஒன்றைக் கட்டினால், காய்வதற்குள் நூலின் நெளிவு போய்விடும். அப்பாவின் சாம்பல் நிற ஸ்வெட்டர் அண்ணனுக்கு ஆனது, அடுத்து கழுத்தில் சிவப்புக் கோடு சேர்ந்து எனக்கு வந்தது.

ஸ்காட்லாந்துத் தொடர்பு எங்கள் வீட்டிலேயே இருந்தது: ரஜாய்க்கு மேல் போர்த்திய கம்பளி, கான்பூர் லால் இம்லி ஆலையுடையது. 1876-இல் தொடங்கிய அந்த ஆலையை 1884 முதல் நிர்வகித்து வளர்த்தவர் ஒரு ஸ்காட்லாந்துக்காரர், அபர்டீனில் பிறந்த அலெக்சாண்டர் மக்ராபர்ட். சிறுவனாகக் காகித ஆலையில் வேலைக்குச் சேர்ந்து மேலே வந்தவர். கான்பூர், தாரிவால் கம்பளி ஆலைகளையும் வேறு சில ஆலைகளையும் இணைத்து 1920-இல் பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷனை உருவாக்கினார். 1981-இல் அது அரசுடைமையாகி, பின்னர் மெல்ல ஓய்ந்துபோனது. நம் நீலகிரி ஆட்டிலும் அந்தப் பக்கத்து ரத்தம் உண்டு: கோயம்புத்தூர் நாட்டு ஆட்டோடு டாஸ்மேனியா மெரினோவும், ஸ்காட்லாந்து எல்லை மலைகளின் செவியட்டும், சவுத் டவுனும் கலந்து உண்டான இனம் அது. ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் அதைக் காத்து வருகிறார்கள்.

ஸ்காட்லாந்தின் வெளி ஹெப்ரிடிஸ் தீவுகளில் கம்பளியை நூற்று, தீவுவாசிகள் தங்கள் வீட்டிலேயே கையால் நெய்தால்தான் அந்தத் துணியை ஹாரிஸ் ட்வீட் என்று சொல்ல முடியும். 1993-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அதற்கென்றே சட்டம் இயற்றியது. டெல்லிப் பின்னலுக்கு நான் சட்டம் கேட்கவில்லை. பிரகதி மைதானத்துக் கைவினை அருங்காட்சியகத்தில் ஓர் அலமாரி கேட்கிறேன். கூடவே, யார் எங்கே கற்றார்கள் என்ற பதிவு வேண்டும். லூதியானா மெஷின் ஸ்வெட்டர் மலிவாகக் கிடைக்கிற காலத்தில் பெண்கள் ஊசியை வைத்துவிட்டதில் தவறில்லை. கைக்குத் தெரிந்தது எழுத்தில் ஏறாமல் போவதுதான் நஷ்டம்.

அதனால் அம்மாவோடு உட்கார்ந்து ஒவ்வொரு மாதிரியிலும் சீட்டு கட்டிக்கொண்டிருக்கிறேன்: எத்தனை கண்ணி, எத்தனை வரிசைக்கு ஒருமுறை டிசைன் திரும்புகிறது, சொல்லிக்கொடுத்தது எந்த ஊர்க்காரர். சிலது அம்மாவுக்கே மறந்துவிட்டது. அவற்றைப் போட்டோ எடுத்து, துவாரகாவுக்கும் நொய்டாவுக்கும் போய்விட்ட அந்தக் காலத்து அண்டை வீட்டு ஆன்ட்டிகளுக்கு அனுப்புகிறேன். இரண்டு பேர் அதே டிசைனைப் புதிதாகப் போட்டே அனுப்பியிருக்கிறார்கள், ஒன்றில் ஓரக் கண்ணி வேறு மாதிரி.