போகவும் வரவும் ஒரு சீட்டு

உலகத்தார் ஓய்வு தேடி வந்து தங்கும் ஊர்களில் பிறந்து உழைப்போர்க்குத் தம் ஓய்வைப் பற்றி எண்ணிப் பார்க்கப் பெரும்பாலும் அவகாசம் வாய்ப்பதில்லை. நோட்டன் பிரிட்ஜ் அத்தகைய ஊர்களுள் ஒன்று. கெஹெல்கமு ஓயாவை மறித்து நிற்கும் அணைக்கட்டையும், படிபடியாக ஏறிச் செல்லும் தேயிலை மலைகளையும், அப்பாலே தோன்றும் சிவனொளிபாத மலையையும் காண வெகுதூரத்து மனிதர்கள் வருகிறார்கள். சற்று மேலே காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கரையில், ஒரு காலத்தில் துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் சில இன்று உல்லாசப் பிரயாணிகளின் விடுதிகள். அவற்றுள் ஓர் இரவு உறங்குவதற்கான கட்டணம், அவ்விடுதியின் சன்னலுக்கு எதிரே கொழுந்து பறிப்பவளின் பல மாத வேதனம்.

இவ்வூரில் இருந்துகொண்டு, காரும் இல்லாத, கைப்பொருளும் அதிகமில்லாத ஒரு தமிழ் வாத்தியார், பதின்வயதுப் பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு வெளிநாட்டுக்கு உல்லாசப் பிரயாணம் போகத் திட்டமிட்டார் என்றால் அன்பர்கள் சிலர் புன்னகை செய்யக்கூடும். அந்த வாத்தியார் நாமே. 2025 ஆம் ஆண்டின் ஓகஸ்ட் விடுமுறைக்கென நாம் போட்ட திட்டத்தைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

மலையகத்து மக்களிடையே 'வெளிநாடு' என்ற சொல்லுக்கு நெடுங்காலமாக இரண்டே பொருள்கள். ஒன்று அரபு நாடு: இளந்தாய்மார் பிள்ளைகளைப் பாட்டியிடம் ஒப்படைத்துவிட்டு, பிறர் பிள்ளைகளை வளர்க்கப் போகும் இடம். மற்றொன்று இந்தியா: போனால் திரும்பாத இடம். போய்ப் பார்த்து மகிழ்ந்து திரும்பி வருவது என்ற மூன்றாவது பொருள் எம் லயங்களில் வழங்கும் அகராதியில் ஏறவில்லை. பல்கலைக்கழகத்தில் சொற்பொருள் வளர்ச்சி பற்றிப் பாடம் கேட்டோம். ஒரு சொல்லின் பொருள் விரிவதற்குக் கூலியும் பிரஜாவுரிமையும் வேண்டும் என்பதை அங்கே எவரும் சொல்லித் தரவில்லை.

ஓய்வு என்பது செல்வர்களின் ஆடம்பரம் என்று எண்ணும் தோழர்களும் நம்மிடையே உண்டு. அவர்களோடு நாம் உடன்படுவதில்லை. 1936 ஆம் ஆண்டு பிரான்சிய நாட்டில் மக்கள் முன்னணி அரசு பதவியேற்றபோது, தொழிலாளர் வேலைநிறுத்தங்களின் வெற்றியாக ஆண்டுக்கு 2 வாரச் சம்பள விடுமுறை சட்டமாயிற்று. புகையிரதக் கட்டணமும் தொழிலாளர்க்குக் குறைக்கப்பட்டது. அந்தக் கோடையில் எத்தனையோ ஆலைத் தொழிலாளிகள் தம் வாழ்நாளில் முதன்முறையாகக் கடலைக் கண்டார்கள். 1948 இல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 24 ஆம் உறுப்புரை, ஓய்வையும் சம்பளத்துடன் கூடிய விடுமுறையையும் மனிதர் அனைவர்க்கும் உரிமை என்று கூறிற்று. அதே 1948 இல்தான் இலங்கைப் பாராளுமன்றம் நிறைவேற்றிய பிரஜாவுரிமைச் சட்டம் எம் பாட்டன்மாரை நாடற்றவர்களாக்கிற்று. உலகம் அவர்களுக்கு விடுமுறை கொடுத்த ஆண்டில், இந்நாடு அவர்களையே விலக்கி வைத்தது.

இனிக் கணக்குக்கு வருவோம். நாமும் மனைவியும் இரண்டு ஆண்டுகள் சீட்டுக் கட்டிச் சேர்த்த தொகை நான்கு இலட்சம் ரூபாய். 2024 இல் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். ஆகவே அந்த நான்கு இலட்சம், மலையில் ஒரு பெண் 296 நாள் முழுப் பேர் போட்டு உழைத்தால் கிடைப்பது. அதுவும் அவள் ஒரு வாய் சோறும் உண்ணாதிருந்தால். எம் அன்னை அப்படி உழைத்தே எம்மைப் படிக்க வைத்தார். இந்தப் பணத்தைச் செலவிடும்போது கை கூசாமல் இருக்குமா? கூசியது. ஆயினும், உழைத்தவளுக்கே அதில் ஒரு பங்கு பிரயாணமாகக் கிடைக்கட்டும் என்று முடிவு செய்தோம்.

எங்கே போவது என்பதில் வீடு இரண்டு பட்டது. எம் மகளுக்கு வயது 14. சென்னைக்குப் போக வேண்டும், மெட்ரோ ரயிலில் ஏற வேண்டும், மெரினாவில் நிற்க வேண்டும் என்பது அவள் கட்சி. நாமோ தஞ்சைப் பெரிய கோயிலும் சரசுவதி மகால் நூலகமும் கீழடி அருங்காட்சியகமும் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தோம். "அப்பா, இது பாடசாலைச் சுற்றுலா இல்லை. கோயில் ஒன்று போதும், மியூசியம் வேண்டாம்" என்று அவள் தீர்ப்பளித்தாள். பதின்வயதினரோடு பிரயாணம் திட்டமிடுவது ஒரு கூட்டணி அமைச்சரவையை நடத்துவது போன்றது. ஒவ்வொரு நாளும் ஒருவர் ராஜினாமாக் கடிதத்தோடு வருவார்.

மற்றவன் எம் தங்கையின் மகன். வயது 15. தங்கை குவைத்தில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருக்கிறாள். ஆறு ஆண்டுகளாக அவன் எம் வீட்டிலேதான் வளர்கிறான். அவன் சென்னை என்றும் சொல்லவில்லை, தஞ்சை என்றும் சொல்லவில்லை. "எங்க போனாலும் சரி மாமா, பிளேன்ல போவோம்" என்றான். விமானம் ஐந்து பேர்க்குக் கட்டாது, கப்பல் மலிவு என்று கணக்கைக் காட்டினோம். கணக்கைப் பார்த்துத் தலையசைத்தான். இரண்டு நாள் கழித்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த எம் மனைவியிடம், அம்மா போகும்போது உள்ளே போனபிறகு என்ன நடக்கும் என்று கண்ணாடிக்கு வெளியே நின்ற தனக்குத் தெரியவில்லை, அதைப் பார்க்கத்தான் கேட்டேன் என்று சொல்லியிருக்கிறான்.

அதன் பிறகு கணக்கைத் திருத்தி எழுதினோம். போவது கப்பலில், திரும்புவது திருச்சியிலிருந்து கட்டுநாயக்காவுக்கு விமானத்தில். அதற்கு ஈடாகச் சென்னை போயிற்று, கீழடியும் போயிற்று. மகள் ஒரு நாள் முழுதும் பேசவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரிக்கு ஏறும் பற்சக்கர ரயிலைக் காட்டி அவளைச் சமாதானப்படுத்தினோம். 1899 இல் குன்னூர் வரையும் 1908 இல் உதகை வரையும் எட்டிய பாதை அது. 2005 இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. தமிழ்நாட்டில் 2021 முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று படித்தவுடன், "அப்போ அங்க அப்பாவுக்கும் இவனுக்கும் மட்டும்தான் காசா?" என்று கேட்டாள். வெளிநாட்டுப் பெண்களுக்கும் உண்டா என்பதை நடத்துநரிடமே கேட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம். கார் இல்லாதவன் பிரயாணம் இவ்வாறுதான் உருவாகிறது. காரில் போகிறவன் இடங்களைத் தெரிவு செய்கிறான். நாம் முதலில் பேருந்து நேரங்களைத் தெரிவு செய்து, அவை நிற்கும் இடங்களைக் காண்கிறோம்.

நீலகிரி எம் பட்டியலில் ஏறியதற்குக் காரணம் ரயில் மாத்திரமன்று. கோத்தகிரியில் எம் பெரியம்மா இருக்கிறார். 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், மலையகத்தில் நாடற்றிருந்த 975,000 மனிதரைக் கணக்கெடுத்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மிஞ்சிய 150,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. வியாபாரிகள் மூட்டைகளைப் பிரிக்கும்போதுகூட மூட்டைக்குள் இருப்பது உடையுமா என்று பார்ப்பதுண்டு. பெரியம்மா 1973 இல் கணவரோடு போனார். அப்போது எம் அன்னைக்கு வயது 13. ஹற்றன் நிலையத்தில், ஏறுகிறவரும் வழியனுப்புகிறவரும் கட்டிக்கொண்டு அழுத அந்த வண்டிக்கு எம் மக்கள் இட்ட பெயர் ஒப்பாரிக் கோச்சி. அது தலைமன்னார் வரை போகும்; அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம்; பின்னர் மண்டபம் முகாம். தாயகம் திரும்பியோரைக் குடியமர்த்த 1968 இல் தமிழ்நாட்டு அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியிருந்தது. பெரியம்மா இங்கே விட்ட கூடையை அங்கே மீண்டும் எடுத்தார். இங்கே அவர் இந்தியாக்காரி. அங்கே இன்றளவும் சிலோன்காரி.

சகோதரிகள் இருவரும் இப்போது கைபேசியில் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். ஆயினும் அழைத்துப் போகிறோம் என்று சொன்னவுடன் அன்னை மறுத்துவிட்டார். "அந்தக் கப்பல்ல ஏறுனவங்க யாரு தம்பி திரும்பி வந்தாங்க?" என்றார். அந்தக் கப்பல் நின்று நாற்பது ஆண்டுகள் ஆயிற்று, இது காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினம் போவது, 2023 ஒக்டோபர் 14 இல் தொடங்கி, மழைக்காலத்தில் நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடியும் ஓடத் தொடங்கியது, நான்கு மணி நேரப் பிரயாணம் என்றெல்லாம் விளக்கினோம். வரலாறு சொல்லிக் கொடுப்பது எளிது. வரலாற்றில் அகப்பட்டவரிடம் சொல்வது எளிதன்று. ஒரு வாரம் கழித்து அவரே கேட்டார்: "போற டிக்கட்டுலயே வர்ற நாளும் போட்டிருக்குமா?" போட்டிருக்கும் என்றோம். அச்சிட்டு வந்து காட்டு, பிறகு பார்க்கலாம் என்றார். வருகிற டிக்கட்டை முதலில் வாங்கிப் போகிற டிக்கட்டைப் பின்னர் வாங்கிய குடும்பம் எமதாகத்தான் இருக்கும்.

கடவுச்சீட்டுப் படலம் தனி. அன்னையின் பிறப்புப் பத்திரத்தில் தோட்டத்துக் கிளாக்கர் ஒருவர் செவிவழி எழுதிய ஆங்கிலப் பெயர் ஒன்று, அடையாள அட்டையில் மற்றொன்று. இருவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. நாமும், விடுமுறைக் காலமே ஆயினும், அரச ஆசிரியர் என்ற முறையில் வெளிநாடு செல்ல அனுமதி பெற வேண்டியிருந்தது. இவையெல்லாம் காலத்தைத் தின்றனவே ஒழிய வழியை மறிக்கவில்லை. மறித்தது ஒரே ஒரு கடிதம்.

16 வயது நிரம்பாத பிள்ளைக்குக் கடவுச்சீட்டு வேண்டுமானால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். மருமகனுக்குத் தந்தை இல்லை. தாய் குவைத்திலுள்ள எம் தூதரகத்துக்குச் சென்று கையொப்பமிட்டு உறுதி செய்து அனுப்ப வேண்டும். அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்று தூதரகமும் மூடியிருக்கும். வேலைநாளில் அரை நாள் கேட்டால் வீட்டு எசமானி மறுக்கிறாள். குவைத்தின் 2015 ஆம் ஆண்டு 68 ஆம் இலக்கச் சட்டம், வீட்டுப் பணியாளர்க்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வும் ஆண்டுக்கு 30 நாள் சம்பள விடுமுறையும் என்று தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது. எம் தங்கைக்கு அச்சட்டத்தைத் தமிழில் வாசித்துக் காட்டினோம். மறுமுனையில் அவள் சிரித்தாள். "அண்ணே, அதைப் போய் இவங்ககிட்ட வாசிக்கவா?" என்றாள். ஒரு பிள்ளை பத்து நாள் விடுமுறைக்குப் போவதற்கு, அவன் தாய்க்கு அரை நாள் விடுமுறை கிடைக்க வேண்டியிருந்தது. அது கிடைக்க ஏழு வாரங்கள் சென்றன. எசமானியின் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு, இரவு பகலாக அவள் விழித்திருந்து பார்த்த பின்னர், கைம்மாறாகக் கொடுத்த அரை நாள் அது. கடிதம் வந்த அன்று மருமகன் அதை விரித்து வாசிக்கவில்லை. அடியிலிருந்த கையொப்பத்தை மட்டும் பார்த்தான். பிறகு கண்டிக்கு எப்போது போகலாம் என்று கேட்டான்.

பாதை இவ்வாறு அமைந்தது. நோட்டனிலிருந்து ஹற்றனுக்குப் பேருந்து. ஹற்றனிலிருந்து பொல்காவலைக்குப் புகையிரதம். அங்கே மாறி வடபாதையில் காங்கேசன்துறை. ஆசிரியர்க்குக் கிடைக்கும் இலவச ஆணைச்சீட்டு இருந்தமையால் இந்நாட்டுக்குள் வண்டிச் செலவு பெரும்பாலும் மிச்சம். (2025 நவம்பரில் டிட்வா புயல் மலையகப் பாதையைச் சிதைப்பதற்கு முன் போட்ட கணக்கு இது.) யாழ்ப்பாணத்தில் ஓரிரவு, பேராதனையில் உடன் படித்த நண்பர் வீட்டில். நாகையிலிருந்து தஞ்சாவூர், திருச்சி, மேட்டுப்பாளையம், கோத்தகிரி. வரைபடத்தில் கோடிட்டுக் காட்டியபோது அன்னை விரலை மதவாச்சியில் வைத்து நிறுத்தினார். அதுவரை ஒப்பாரிக் கோச்சி போன பாதையும் இதுவும் ஒன்றே. அங்கேதான் தலைமன்னார்ப் பாதை இடது புறம் பிரிகிறது. "இங்க நாம நேரா போறோமா?" என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

பொதிகளின் நிறையைக் கணக்கிடும் பொறுப்பை மருமகன் ஏற்றான். ஒரு கொப்பியில் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, தராசுக்கடையில் நிறுத்து வந்து எழுதினான். அன்னையின் பக்கத்தில் மூன்று சேலை, ஒரு கம்பளி, மருந்துப் பை, பிறகு இரண்டு கிலோ தேயிலைத் தூள். கோத்தகிரி முழுதும் தேயிலைதான் அம்மாயி, அங்கே போய் அதைக் கொடுப்பீர்களா என்று அவன் கேட்டான். அது அந்த மலைத் தேயிலை, இது அவ பறிச்ச மலைத் தேயிலை என்றார் அவர். மகளின் பக்கத்திலிருந்த இரண்டாவது சோடிச் சப்பாத்தை அடித்துவிட்டு, அவன் இரண்டு கிலோவையும் எழுதிக்கொண்டான்.