எங்கே போனது விஷம்?

ஒரு கைப்பிடி மண். ஒரு கண்ணாடிக் குடுவை. குடுவையில் உப்புக் கரைசல், அதில் கொஞ்சம் பூச்சிமருந்து. சர்க்கரை கிடையாது, வேறு தீனியும் கிடையாது. மண்ணில் இருக்கும் பாக்டீரியா மருந்தைத் தின்று பிழைக்க வேண்டும், இல்லையென்றால் பட்டினி கிடந்து சாக வேண்டும். திருவனந்தபுரத்தில் நுண்ணுயிரியல் படிக்கும் ஒரு பட்டப்படிப்பு மாணவி, பூச்சிமருந்தைச் சிதைக்கும் பாக்டீரியாவைத் தன் இறுதியாண்டு ஆய்வுக்கு எடுத்துக்கொண்டால், வேலை இப்படித்தான் ஆரம்பமாகும்.

ஒரு வாரம் குடுவை குலுங்கிக்கொண்டே இருக்கும். கரைசல் கலங்கினால் ஏதோ வளர்கிறது என்று அர்த்தம். அதிலிருந்து சில சொட்டு புதிய குடுவைக்கு, அதிலிருந்து இன்னொன்றுக்கு. நாலைந்து தடவை மாற்றிய பிறகு மிஞ்சுவது மருந்தோடு வாழப் பழகிய கூட்டம். பெரிய கருவிகள் தேவையில்லை. பொறுமை போதும். வசதி குறைந்த கல்லூரிகளிலும் இந்த ஆய்வைத் தொடங்கிவிடலாம்.

கேரளத்தில் இதைச் செய்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. பூச்சிமருந்து அங்கே பாடப்புத்தகச் சமாச்சாரம் மட்டுமல்ல. 1958இல் கப்பலில் உணவுப் பொருள்களோடு வந்த பாரத்தியான் கசிந்து கோதுமை மாவில் கலந்தது. அந்த மாவைச் சாப்பிட்டு 100 பேருக்கு மேல் இறந்தார்கள். பூச்சிக்கொல்லிகளைக் கட்டுப்படுத்த 1968இல் இந்தியா சட்டம் கொண்டுவந்ததற்குப் பின்னால் இந்தச் சாவுகள் இருக்கின்றன.

அதே பாரத்தியானைச் சிதைக்கும் பாக்டீரியாவைப் பற்றி 1973இல் அறிவித்தவர்களில் ஒருவர் சேதுநாதன் என்ற இந்திய விஞ்ஞானி. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில், டயாசினான் என்ற மருந்து போட்ட வயலின் தண்ணீரிலிருந்து அவரும் யோஷிதா என்ற ஜப்பானியரும் அதைப் பிரித்தெடுத்தார்கள். பின்னர் கட்டாக்கில் உள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் சேதுநாதன் இந்த வேலையைத் தொடர்ந்தார். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பப் போட்டால் வயலே அதைச் செரிக்கக் கற்றுக்கொள்கிறது. விவசாயிக்கு இது கெட்ட செய்தி, போட்ட மருந்து பலிக்காது. மண்ணுக்கு நல்ல செய்தி.

ஆனால் அந்த பாக்டீரியா வேலையை முழுதாக முடிக்கவில்லை. பாரத்தியான் உடைந்ததும் பாரா நைட்ரோபீனால் என்ற பொருள் வரும். கரைசல் மஞ்சளாகிவிடும். அதைத் தின்ன அந்த பாக்டீரியாவுக்குத் தெரியாது; அதற்கு வேறொரு பாக்டீரியா வர வேண்டும். மண்ணில் எந்த விருந்தையும் ஒருவரே சாப்பிட்டு முடிப்பதில்லை.

மாணவிக்குச் சோதனை ஆரம்பிப்பது இங்கேதான். குடுவையில் மருந்து குறைந்திருக்கிறது என்று கணக்கு வந்ததும் மகிழ்ச்சி தாங்காது. நல்ல டீச்சராக இருந்தால் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "குறைஞ்சது சரி, எங்கே போச்சு?"

கொஞ்சம் ஆவியாகப் போயிருக்கலாம். குடுவையின் சுவரில் ஒட்டியிருக்கலாம். பாக்டீரியாவின் உடலில் படிந்திருக்கலாம். எண்டோசல்ஃபானாக இருந்தால் இன்னொரு வில்லங்கமும் உண்டு. காரத்தன்மை கூடினால் அது தானாகவே உடையும். பாக்டீரியா வளரும்போது கரைசல் காரமாகிவிட்டால், கரைசல் செய்த வேலைக்கு பாக்டீரியா பெயர் வாங்கிக்கொள்ளும். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, பக்கத்திலேயே பாக்டீரியா போடாத ஒரு குடுவையை அதே காரத்தன்மையில் வைத்துப் பார்ப்பதுதான். பட்டப்படிப்பு ஆய்வுகளில் நேரமில்லை என்று முதலில் கைவிடப்படுவதும் இந்தக் காலிக் குடுவைதான்.

உண்மையிலேயே பாக்டீரியாதான் உடைத்தது என்று வைத்துக்கொண்டாலும் கேள்வி முடிவதில்லை. எண்டோசல்ஃபானை நுண்ணுயிரிகள் இரண்டு விதமாக மாற்றும். ஒரு வழியில் அது எண்டோசல்ஃபான் டயால் ஆகும், நச்சு வெகுவாகக் குறையும். மற்ற வழியில் எண்டோசல்ஃபான் சல்ஃபேட் ஆகும். இதன் நச்சு பழையதற்குக் குறைந்ததல்ல. மண்ணில் அதைவிட அதிக காலம் தங்கும். கருவியில் எண்டோசல்ஃபானை மட்டும் தேடினால் அது காணாமல் போயிருக்கும். ஆய்வேட்டில் '90 சதவீதம் சிதைந்தது' என்று எழுதிவிடலாம். விஷம் பெயர் மாற்றிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

எண்டோசல்ஃபான் என்ற பெயரை மலையாளிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காசர்கோட்டில் கேரளப் பிளான்டேஷன் கார்ப்பரேஷனின் முந்திரித் தோட்டங்கள் மீது 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை அது ஹெலிகாப்டரிலிருந்து தெளிக்கப்பட்டது. வேளாண்மைத் துறையில் வேலை பார்த்த லீலாகுமாரி அம்மா 1998இல் நீதிமன்றத்துக்குப் போனார். 2011இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் தடை விதித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் தரச் சொல்லி 2017இல் அதே நீதிமன்றம் உத்தரவிட்டது.

அதற்குப் பிறகும் 2019இல் காசர்கோட்டுத் தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு திருவனந்தபுரத்துக்கு வந்து தலைமைச் செயலகத்தின் முன்னால் உட்கார்ந்தார்கள். 2022இல் அதே இடத்தில் 80 வயதைக் கடந்த தயாபாய் இரண்டு வாரங்களுக்கு மேல் உண்ணாவிரதம் இருந்தார். தெளிப்பு நின்று 22 வருஷம் ஆகியிருந்தது.

தமிழர்களுக்கும் இதில் பங்கு உண்டு. திருவனந்தபுரம் சாலைக் கடைவீதிக்கு வரும் காய்கறியில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து போவது. 2015இல் அந்தக் காய்கறிகளில் பூச்சிமருந்து எச்சம் இருப்பதாகக் கேரளம் சொல்ல, இல்லையென்று தமிழகம் மறுக்க, பெரிய தகராறே நடந்தது. எச்சத்தை அளக்கும் ஆய்வகம் நகரின் தெற்கே வெள்ளாயணி வேளாண்மைக் கல்லூரியில் இருக்கிறது. அங்கே கத்தரிக்காயில் என்ன மிச்சமிருக்கிறது என்று பார்க்கிறார்கள். மாணவியின் கேள்வியும் கிட்டத்தட்ட அதுதான், ஆனால் மண்ணைப் பற்றியது.

பாக்டீரியா வந்து எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிடும் என்று நம்புவது சுலபம். மருந்து விற்பவர்களுக்கும் அந்த நம்பிக்கை சௌகரியமானது. ஆய்வகத்தில் 30 டிகிரி சூட்டில், வேறு போட்டியில்லாமல் வளரும் பாக்டீரியா, மழையிலும் வெயிலிலும் ஆயிரம் எதிரிகளுக்கு நடுவே அதே வேலையைச் செய்யும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மண் செரித்தாலும், அந்தத் தாய்மார்களின் மடியில் கிடந்த பிள்ளைகளுக்குள் போனதை எந்த மண்ணும் திரும்ப வாங்கிக்கொள்ளாது.

அதற்காக அந்தச் சின்ன ஆய்வு வீண் என்று சொல்ல முடியாது. மூன்று மாதத்தில் ஒரு மாணவி காசர்கோட்டைச் சுத்தம் செய்யப்போவதில்லை. ஆனால் பாக்டீரியா போடாத குடுவையையும் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் வந்த எண்களை அப்படியே எழுதி, 'சல்ஃபேட் அளக்கப்படவில்லை' என்று ஆய்வேட்டில் ஒரு வரி சேர்த்தால், அவளது மதிப்பெண் கொஞ்சம் குறையலாம். காணாமல் போனதெல்லாம் இல்லாமல் போய்விட்டதாக அவள் இனி ஒருபோதும் எழுதமாட்டாள்.