துபாய் பக்கம், பம்பாய் தூரம்

பம்பாயில் மாட்டுங்கா லேபர் கேம்ப்காரர்களான எங்களுக்குத் திருநெல்வேலி என்றால் ஒன்றரை நாள். தாதரில் நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் ஏறினால் புனே, சோலாப்பூர், குண்டக்கல், மதுரை என்று இறங்கி மூன்றாம் நாள்தான் ஊர் முகம் தெரியும். என் தம்பி துபாயில். அங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு ஏறத்தாழ 2,950 கிலோமீட்டர். நான்கு மணி நேரத்தில் விமானம் இறக்கிவிடும், பிறகு காரில் நாகர்கோவில் வழியாக ஊர்.

ஒருமுறை அப்பாவுக்கு முடியவில்லை என்று இருவருக்கும் ஒரே நாளில் போன் வந்தது. நான் ரயிலில் குண்டக்கல்லைக்கூடத் தொடவில்லை, "அண்ணே, வள்ளியூர் தாண்டிட்டேன், நீ எங்க இருக்க?" என்று தம்பி போனில் கேட்டான். பதில் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. கடல் தாண்டிப் போனவன் முதலில் வந்து நிற்கிறான், உள்நாட்டில் இருக்கும் நான் மோர் மிளகாயும் எலுமிச்சைச் சோறுமாக ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன். பொறாமைதான், வேறு பேர் வைக்க வேண்டாம். அம்மாவோ கடைசிவரை துபாய் பிள்ளை தூரத்தில், பம்பாய் பிள்ளை பக்கத்தில் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிற்பாடு ஒரு குளிர்காலத்தில் நானே துபாய் போனேன். மும்பைக்கும் துபாய்க்கும் ஆகாய வழியில் சுமார் 1,930 கிலோமீட்டர். போகும்போது மூன்று மணி நேரத்துக்கு மேல், திரும்பும்போது கொஞ்சம் குறைவு. குளிர்காலத்தில் மேலே மேற்கிலிருந்து கிழக்கே காற்று பலமாக வீசும். எதிர்த்துப் போனால் விமானம் திணறும், கூட வந்தால் தள்ளிவிடும். இரண்டு ஊர்க் கடிகாரங்களையும் நம்பினால் கணக்கு தலைகீழாகிவிடும். அங்கே மணி நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் என்பதால், போன பயணம் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்தது போலவும் வந்த பயணம் நான்கைத் தாண்டியது போலவும் தெரியும். மாட்டுங்காவிலிருந்து சகார் விமான நிலையத்துக்கு டாக்ஸியில் நகர்ந்த நேரமும், செக்-இன், குடியேற்ற வரிசையில் நின்ற நேரமும் டிக்கெட்டில் அச்சாவதில்லை.

தம்பி தங்கியிருந்தது சோனாப்பூரில், தொழிலாளர் குடியிருப்பில். அதுவும் கேம்ப்தான். ஒரே அறையில் அடுக்குக் கட்டில்கள், கட்டிலடியில் பெட்டிகள். பெட்டியில் பாஸ்போர்ட் இருக்குமா என்று கேட்டேன். சிரித்தான். அது கம்பெனியில் இருக்கிறதாம். இரண்டு வருடத்துக்கு ஒரு லீவு, நடுவில் போக வேண்டுமென்றால் மேஸ்திரி சொல்ல வேண்டும், அவருக்கு மேலே இருப்பவர் கையெழுத்துப் போட வேண்டும். அப்பாவுக்கு முடியாமல் போன சமயம் அவனுக்கு லீவு முறை வந்திருந்தது, பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் ஏற்கெனவே கையில் இருந்தன. வேறு மாதமாக இருந்திருந்தால்?

நான் அன்று என்ன செய்தேன்? முதலாளி சேட்டிடம் போனில் ஒரு வார்த்தை, பையில் இரண்டு சட்டை, தாதரில் பொதுப்பெட்டி. யாரிடமும் பாஸ்போர்ட் கேட்டு நிற்கவில்லை. நான்கு மணி நேரப் பயணத்துக்குப் பின்னால் இரண்டு வருடம் நிற்கிறது என்பது எனக்கு அந்த அறையில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. வள்ளியூரிலிருந்து அவன் போன் பண்ணியது என்னைக் குத்திக்காட்ட என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். முதல் தடவையாக என்னை முந்திக்கொண்ட சந்தோஷம் அது.

இப்போது கேம்பில் யார் வீட்டுப் பையனுக்காவது வளைகுடா விசா வந்தால், "மூணு மணி நேரந்தானே?" என்று தாய்மார் என்னிடம் கேட்பதுண்டு. ஆமாம் என்பேன். கூடவே, ஒப்பந்தத்தில் லீவு எப்போது, பாஸ்போர்ட் யார் கையில் என்று பையனை அழைத்து விசாரித்துவிடுவேன்.