அடிக்கணக்கு மட்டும் போதாது

ஆம்பூரில் ஷூ கம்பெனிகளுக்குத் தோல் சப்ளை செய்யும் ஒரு டேனரியில், செலக்‌ஷன் மேசையில்தான் தொழில் கற்றேன். சாயம் ஏறி, ஃபினிஷ் ஆகி வரும் தோல்களை விரித்துத் தரம் பிரிக்கும் இடம் அது. எத்தனை சதுர அடி என்பதை மெஷினே சொல்லிவிடும். அதில் எத்தனை ஜோடி தேறும் என்பதை ஆள்தான் சொல்ல வேண்டும்.

கற்றுக்கொடுத்தவரைப் பாய் என்றே கூப்பிடுவோம். "கண்ணை நம்பாத தம்பி, முதல்ல கையால பாரு" என்பார். முதுகுத்தண்டை ஒட்டிய பின்பாகம் இறுகி நிற்கும். வயிற்றுப் பக்கம் இழுத்தால் நீளும். ஷூவின் முன்பகுதி நடக்க நடக்க மடிகிற இடம் என்பதால் அதைப் பின்பாகத்தில் வெட்டுவார்கள். நாக்குக்கு வயிற்றுத் தோலே போதும். மேல்புறம் உள்ளே வரும்படி மடித்துப் பார்த்தால் நல்ல தோலில் மெல்லிய ரேகைகள் நெருக்கமாக விழும். தளர்ந்த தோலில் தடித்த சுருக்கம் எழும்பி நிற்கும்.

உண்ணி கடித்த தடம், முள் கீறல், சூடு போட்ட வடு எல்லாம் மாடு உயிரோடு இருந்தபோது பட்டவை. கீறலின் நீளத்தைவிட அது விழுந்த இடம் முக்கியம். ஓரத்தில் இருந்தால் கவலையில்லை. நட்டநடுவில் இருந்தால் வெட்டுகிறவர் அதை ஒதுக்கித்தான் வெட்டும் அச்சை (டை) வைக்க வேண்டும், அடிக்கணக்கில் தோல் வீணாகும். ஒரே அளவுள்ள இரண்டு தோல் ஒரே விலை பெறாதது இதனால்தான்.

ஒருகாலத்தில் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோலை இங்கிருந்து அப்படியே கப்பலேற்றினார்கள். 1970களில் அரசு அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்திய பிறகுதான் முழுதாகப் பதனிட்ட தோலும் ஷூவும் இங்கேயே பெருமளவில் தயாராகத் தொடங்கின. முன்பு குறை கடல் கடந்த பிறகு தெரியும். இப்போது தோல் வெட்டுமேசைக்குப் போன அன்றே தெரிந்துவிடும்.

பாலாற்றைத் தோல் கழிவு கெடுத்ததை 1996இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பில் சொன்னது. ஓர் ஆற்றையே விலையாகக் கொடுத்துப் பதனிட்ட தோலில் ஒரு துண்டுகூட வீணாகக் கூடாது என்பதே என் கட்சி. தோல் தொழில்நுட்பம் படிக்கும் தம்பி தங்கைகளே, ஆறு மாதமாவது ஒரு செலக்‌ஷன் மேசையில் நின்று பாருங்கள்.