ஒரு பெட்டி, இரண்டு குடித்தனம்

ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் வைத்தவர்களுக்குத் தெரியும். தண்ணீர் மோட்டாரில் ஆரம்பித்து வாசல் கதவுத் தாழ்ப்பாள் வரை தினம் ஒரு தகராறு. ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸையும் லினக்ஸையும் குடி வைத்தாலும் கதை ஏறக்குறைய அதுதான்.

முதல் தகராறு கடிகாரத்தில் வரும். பெட்டிக்குள் இருக்கும் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் அதையே கிரீன்விச் நேரமாக எடுத்துக்கொள்ளும். லினக்ஸில் இருந்துவிட்டு விண்டோஸுக்குள் போனால் மணி ஐந்தரை மணி நேரம் பின்னால் போயிருக்கும். எனக்கு ஒருநாள் காலை எட்டரைக்கு மூன்று மணி என்று காட்டியது. லேட்டாகப் போனதற்கு ஆபீஸில் இதையே காரணமாகச் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

'அப்படி என்ன கட்டாயம், ஒன்றை வைத்துக்கொண்டு பிழைக்கக் கூடாதா?' என்று கேட்பீர்கள். ஆபீஸ் வேலைக்கு விண்டோஸ், ஆசைக்கு லினக்ஸ். தவிர, லினக்ஸும் நானும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள். 1991. ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதி, உலகத்துக்கு இனாமாகக் கொடுத்தார். அது உலகம் பூராவும் சர்வர்களில் போய் உட்கார்ந்துவிட்டது. நான் முடிச்சூரில் உட்கார்ந்திருக்கிறேன்.

2024-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, மணி பத்தரை. டி டிரைவில் இடம் இல்லை என்று விண்டோஸ் புலம்பிக்கொண்டே இருந்தது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பார்த்தேன். கடைசியில் பெயரும் இல்லாமல், டிரைவ் எழுத்தும் இல்லாமல் இரண்டு பார்ட்டிஷன்கள். லினக்ஸ் உட்கார்ந்திருக்கும் இடத்தை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் பெயர் போடாது. இரண்டில் ஒன்று 2012-ல் கற்றுக்குட்டியாகப் போட்ட பழைய லினக்ஸ். இன்னொன்று நான் தினமும் புழங்குவது. இரண்டும் ஏறக்குறைய ஒரே சைஸ்.

பழையதை அழித்து டி டிரைவோடு சேர்த்துவிடலாம் என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து டெலிட் கொடுத்தேன். 'நிச்சயமாகவா?' என்று கேட்டது. அந்தக் கேள்வியை யார் சார் முழுசாகப் படிக்கிறார்கள்? 'யெஸ்' என்றேன். ரீ-ஸ்டார்ட் செய்தேன்.

கறுப்புத் திரை. அதில் மூன்றே வரி. 'எரர்: நோ சச் பார்ட்டிஷன்.' அடுத்து, 'என்டரிங் ரெஸ்க்யூ மோட்.' மூன்றாவது வரியில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று போட்டு ஓர் அம்புக்குறி. விண்டோஸும் இல்லை, லினக்ஸும் இல்லை. இரண்டு குடித்தனமும் உள்ளே மாட்டிக்கொண்டு, சாவி தொலைந்துவிட்டது.

அப்போதுதான் வயிற்றில் ஒன்று உருண்டது. இரண்டில் எதை அழித்தேன்?

*

இங்கே ஒரு ஃப்ளாஷ்பேக் தேவைப்படுகிறது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளம். அடையாற்றுத் தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு வந்தது. நான் செய்த முதல் காரியம், கம்ப்யூட்டரைக் கழற்றிப் பரணில் ஏற்றியது. பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த அப்பா, அம்மா கல்யாண ஆல்பம் ஞாபகத்துக்கு வரவே இல்லை. மூன்று நாள் கழித்துத் திறந்தபோது போட்டோக்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் நிறம் கையோடு வந்தது.

"பொட்டியைப் பரண்ல ஏத்தினியே, ஆல்பத்தை விட்டுட்டியேடா" என்றாள் அம்மா. ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். பத்துத் தடவை சொல்லியிருந்தால் மறந்திருப்பேன்.

நல்லவேளை, அதற்கு முந்தைய வருஷம் அந்த ஆல்பம் முழுவதையும் ஸ்கேன் செய்து வைத்திருந்தேன். வைரஸ் தொந்தரவு குறைவு என்று லினக்ஸ் பக்கத்தில் வைத்தேன். வேறு எங்கும் காப்பி இல்லை. செய்யவேண்டும், செய்யவேண்டும் என்று ஒன்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். 1989-ல் எடுத்த கல்யாண போட்டோவை அழைப்பிதழில் போடவேண்டும் என்பது அம்மாவின் ஆசை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு போட்டோ அச்சகத்துக்குப் போகவேண்டும். ஞாயிறு ராத்திரி நான் 'யெஸ்' கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

தெரிந்த சர்வீஸ் பையனுக்கு போன் போட்டேன். தூக்கத்திலேயே தீர்ப்பு சொன்னான். "ஒண்ணுமில்லை சார். காலைல கொண்டு வாங்க, ஃபார்மேட் போட்டுடலாம். புதுசு மாதிரி ஓடும்."

வீட்டுச் சாவி தொலைந்தால் வீட்டை இடித்துப் புதுசாகக் கட்டலாம் என்கிற மாதிரி வைத்தியம். போனை வைத்துவிட்டேன்.

*

பெட்டி எப்படி விழித்துக்கொள்கிறது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். பவர் ஸ்விட்சைத் தட்டியதும் பயாஸ் எழுந்து, ஹார்ட் டிஸ்க்கின் முதல் 512 பைட்டைப் படிக்கும். அதில் 446 பைட் புரோகிராம். 64 பைட்டில் நாலே நாலு பார்ட்டிஷனின் விலாசம். மிச்சம் 2 பைட் கையெழுத்து. இந்த ஏற்பாடு 1983-ல் வந்தது. காதல் கடிதத்துக்கே போதாத இடத்தில் மொத்தக் கம்ப்யூட்டரின் தலையெழுத்து.

நாலு பார்ட்டிஷன் போதவில்லை என்றால், ஒன்றை எக்ஸ்டெண்டட் ஆக்கி அதற்குள் லாஜிக்கல் என்று சில்லறையாகப் பிரிப்பார்கள். அவற்றின் நம்பர் ஐந்திலிருந்து ஆரம்பிக்கும்.

இரண்டு குடித்தனத்துக்கும் வாட்ச்மேன்தான் கிரப். எரிக் போலின் என்பவர் 1995-ல் எழுத ஆரம்பித்தது. 'உனக்கு விண்டோஸா, லினக்ஸா?' என்று மெனு நீட்டுபவர் இவர்தான். ஆனால் இவர் உடம்பு 446 பைட்டுக்குள் அடங்காது. அதனால் மூன்றாகப் பிரிந்து உட்கார்ந்திருக்கிறார். முதல் துண்டு வாசலில். இரண்டாவது துண்டு அதை ஒட்டிய காலி இடத்தில். மெனு உள்பட மற்றதெல்லாம் லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள், பூட் என்ற ஃபோல்டரில். இரண்டாவது துண்டு கையில் ஒரு சீட்டு வைத்திருக்கிறது: 'மிச்சம் ஆசாமி ஏழாம் நம்பரில் இருக்கிறார்.'

அந்த ஏழாம் நம்பரைத்தான் காணோம் என்கிறது. நான் புழங்கும் லினக்ஸ் ஏழாம் நம்பரில்தான் இருந்தது. அப்படியானால் அதைத்தான் அழித்துவிட்டேன். கை ஜில்லிட்டது.

"தூங்கலையாடா?"

திரும்பினால் அப்பா, தண்ணீர் சொம்போடு. அப்பா போஸ்ட்மேன். மாம்பலம் தெருக்களில் முப்பத்தைந்து வருஷம் சைக்கிள் மிதித்து, அந்த மாதம்தான் ரிட்டயர் ஆகவிருந்தார். அவரிடம் பொய் சொல்ல எனக்கு வராது. போட்டோ விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

"அம்மாகிட்ட சொல்லாதீங்கப்பா."

அப்பா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "என்ன போட்டிருக்கு?"

"ஏழாம் நம்பர் வீடே இல்லைங்குது."

"ஏழுன்னு யார் நம்பர் போட்டா?"

"யாரும் போடலைப்பா. ஐந்திலேர்ந்து வரிசையா எண்ணிக்கிட்டே போகும்."

"ஆறாம் நம்பர் வீட்டை இடிச்சா?"

வாயைத் திறந்தவன் அப்படியே நின்றேன். ஆறை இடித்தால் ஏழு ஆறாகிவிடும்! நம்பர் சுவரில் பொறித்ததில்லை. எண்ணி வருவது. நான் அழித்தது ஆறாக இருந்தாலும் 'ஏழைக் காணோம்' என்றுதான் சொல்லும்.

"இதைத்தானேடா நான் தினமும் பார்க்கறேன்" என்றார் அப்பா. "பழைய எண், புதிய எண். கவர்ல ஒரு நம்பர் இருக்கும், கதவுல ஒரு நம்பர் இருக்கும். நம்பர் மாறினா ஆள் எங்கே போயிடுவான்? ஒவ்வொரு கதவாத் தட்டிப் பாரு."

*

தட்டுவதற்கு வழி இருந்தது. அந்த அம்புக்குறிக்கு எதிரே எல், எஸ் என்று இரண்டு ஆங்கிலச் சின்ன எழுத்தை அடித்து என்டர் தட்டினால், கண்ணில் படும் பார்ட்டிஷன்களை வரிசையாகச் சொல்லும். எங்கள் பெட்டியில் ஹெச்டி0 என்ற டிஸ்க். அதில் எம்எஸ்டாஸ் 1, 2, 5, 6. (டிஸ்க்கை சைபரிலிருந்தும் பார்ட்டிஷனை ஒன்றிலிருந்தும் எண்ணும். ஏன் என்று கேட்காதீர்கள்.)

எல்எஸ் போட்டு, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் விலாசம், கடைசியில் ஒரு சாய்கோடு. ஒன்றைத் தட்டினேன். 'அன்நோன் ஃபைல்சிஸ்டம்.' அது விண்டோஸ் பாஷை, வாட்ச்மேனின் இந்தத் துண்டுக்குப் புரியாது. இரண்டு, அதே பதில். ஐந்து, அதே பதில்.

ஆறைத் தட்டினேன். பூட், ஹோம், ஈடிசி என்று வரிசையாகப் பெயர்கள் ஓடின. அப்பா என் முகத்தைப் பார்த்தார்.

"இருப்பா. இது பழைய லினக்ஸாகவும் இருக்கலாம். அதுலயும் இதே பேருங்கதான்."

ஹோமுக்குள் போய், என் பெயருக்குள் போய், மறுபடி எல்எஸ் அடித்தேன். என்டரைத் தட்டுமுன் ஒரு நிமிஷம் விரல் நகரவில்லை. அப்பாவே கையை நீட்டித் தட்டிவிட்டார்.

நாலாவது பெயர்: 'கல்யாணம்1989'.

அப்பா சொம்பிலிருந்த தண்ணீர் முழுவதையும் குடித்தார். எனக்காகக் கொண்டுவந்த தண்ணீர் என்று நினைத்திருந்தேன்.

அதன் பிறகு நாலே கட்டளைதான். 'செட் ரூட்' என்று போட்டு சமக்குறி, ஆறாம் நம்பர் விலாசம். 'செட் பிரிஃபிக்ஸ்' போட்டு அதே விலாசம், கூடவே பூட் ஃபோல்டருக்குள் இருக்கும் கிரப் ஃபோல்டரின் பெயர். மூன்றாவது 'இன்ஸ்மாட் நார்மல்'. நாலாவது வெறும் 'நார்மல்'. என் வாழ்க்கையில் அந்த வார்த்தை அவ்வளவு இனித்ததில்லை. பழைய மெனு வந்து நின்றது. லினக்ஸைத் தேர்ந்தெடுத்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி திறந்துகொண்டது.

நான் எழுந்து நெட்டி முறித்தேன். அப்பா விடவில்லை.

"கொண்டுபோய்க் குடுத்துட்டா மட்டும் போதுமா? பீட் நோட்டுல அட்ரஸை மாத்தி எழுதணும். இல்லேன்னா நாளைக்கு லீவ் டியூட்டிக்கு வர்றவன் மறுபடி தெருவுல நின்னு முழிப்பான்."

வாஸ்தவம். இப்போது அடித்ததெல்லாம் அந்த ஒரு தடவைக்குத்தான். ஆஃப் செய்தால் வாட்ச்மேன் மறுபடி ஏழையே தேடுவார். லினக்ஸ் டெர்மினலில் 'சூடோ கிரப்-இன்ஸ்டால்' போட்டு, டிஸ்க்கின் பெயர் கொடுக்கவேண்டும். எங்கள் பெட்டியில் எஸ்டிஏ. நம்பர் சேர்க்காமல் முழு டிஸ்க்கின் பெயர். அடுத்தது 'சூடோ அப்டேட்-கிரப்'. சீட்டில் ஆறு என்று எழுதியாகிவிட்டது. ஒரு தடவை ஆஃப் செய்து ஆன் செய்து பார்த்தோம். மெனு தானாக வந்தது. மணி ஒன்றே கால்.

*

உங்களுக்கும் இப்படி ஒரு ராத்திரி வரலாம். அதனால் சில வார்த்தை.

விண்டோஸை முதலில் போடுங்கள், லினக்ஸைப் பிறகு போடுங்கள். பழைய பாணி டிஸ்க்கில் விண்டோஸைப் பின்னால் போட்டால், அது வாசலில் தன் ஆளை உட்காரவைக்கும். கிரப் வெளியே. அப்போதும் பதற்றம் வேண்டாம். லினக்ஸ் உள்ள பென் டிரைவிலிருந்து பூட் செய்து, டிஸ்க்கில் இருக்கும் லினக்ஸ் பார்ட்டிஷனை மவுன்ட் செய்து, கிரப்பைத் திரும்ப வாசலில் உட்காரவைக்கலாம்.

புது மாடல் பெட்டிகளில் யூஈஎஃப்ஐ என்கிற ஏற்பாடு. அதில் வாசலுக்கென்றே தனிப் பார்ட்டிஷன் உண்டு. இரண்டு வாட்ச்மேனும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். அங்கே லினக்ஸ் காணாமல் போனால், பல சமயம் வரிசையில் இரண்டாவது ஆளாகத் தள்ளப்பட்டிருக்கும், அவ்வளவுதான். ஆன் செய்யும்போது பூட் ஆர்டர் பக்கத்துக்குப் போய் முதலாவதாக்கினால் முடிந்தது.

நிஜமாகவே தப்பான பார்ட்டிஷனை அழித்துவிட்டாலும் கதை முடிந்துவிடாது. டெலிட் என்பது விலாசத்தை அடிப்பதுதான். வீடு அப்படியே நிற்கும். அதன் மேல் எதையும் எழுதாதவரை டெஸ்ட்டிஸ்க் போன்ற இலவச புரோகிராம்கள் தேடித் தந்துவிட வாய்ப்பு உண்டு. அதனால்தான் ஃபார்மேட் என்ற வார்த்தையைக் கேட்டதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிடுங்கள்.

இத்தனையும் தெரிந்தாலும், ஒரு காப்பி வெளியே இல்லையென்றால் எல்லாம் அதிர்ஷ்டக் கணக்குதான். நான் பிழைத்தது கெட்டிக்காரத்தனத்தால் இல்லை. இரண்டில் ஒன்றை அழித்தேன், சரியானது சிக்கியது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு முன்னால் மூன்று காப்பி எடுத்துவிட்டேன். ஒன்று ஆபீஸ் டிராயரில். ஒன்று அக்கா வீட்டில் கொடுக்க. மூன்றாவது பென் டிரைவை அம்மாவிடம் கொடுத்தேன்.

"இதுக்குள்ள ஆல்பம் பூராவும் இருக்கும்மா."

அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பீரோவைத் திறந்து, மேல்தட்டில், கூறைப்புடவை மடிப்புக்குள் வைத்தாள். மேல்தட்டு என்பதைக் கவனித்தேன். ஒன்றும் பேசவில்லை.

போட்டோ அச்சகத்துக்குப் போய்விட்டது. ஸ்கிரீனில் பார்த்த அம்மா, "அப்போ எவ்வளவு ஒல்லியா இருந்தார் பாரு" என்றாள். அப்பா பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தார். ராத்திரி விஷயம் இன்றுவரை அம்மாவுக்குத் தெரியாது. இதைப் படித்தால் தெரியும்.

அன்று சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து கம்ப்யூட்டரை ஆன் செய்யக் குனிந்தபோது, பெட்டியின் பக்கவாட்டில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. கட்டைப் பேனாவில், போஸ்ட்மேனுக்கே உரிய குண்டு குண்டான எழுத்தில்:

'லினக்ஸ். பழைய எண் 7, புதிய எண் 6.'