காற்று திரும்பும் வரை

வெளியூருக்குப் போனால் மூன்றாம் நாளே சொந்த வீட்டு ஞாபகம் வந்துவிட வேண்டும். வராவிட்டால் அந்த ஆசாமியிடம் ஏதோ கோளாறு இருக்கிறது என்பது என் தகப்பனாரின் சித்தாந்தம். அவருடைய பிள்ளையாகிய நான் ஒரே மாதத்தில் திரும்பி வருவதாகச் சொல்லிப் புறப்பட்டு, அயல் தேசத்துக் கடற்கரைப் பட்டணம் ஒன்றில் முழுசாக ஆறு மாதம் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறேன். கோளாறு என்னிடந்தான் இருந்தது. அதை ஒளிக்காமல் உங்களிடம் சொல்லிவிடுவது என்ற தீர்மானத்தோடுதான் இதை எழுத ஆரம்பிக்கிறேன்.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் என் மனைவி காலமானாள். நாற்பத்தொரு வருஷக் குடித்தனம். அதற்குப் பிறகு எங்கள் மாயவரத்து வீட்டில் நான் தன்னந்தனியாக இருந்த நாலு மாதத்தைப் பற்றி விஸ்தாரமாகச் சொல்லப் போவதில்லை. கூடத்து விளக்கைப் போடாமலே இரவுகளைக் கழித்தேன். அவளுடைய அலமாரியை ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. இவ்வளவு சொன்னால் போதும். பக்கத்து வீட்டு அம்மாள் இந்தச் சமாசாரத்தை எப்படியோ என் பிள்ளைக்குத் தெரிவித்துவிட்டாள். அவன் மொம்பாஸாவில் கப்பல் சரக்குக் கம்பெனி ஒன்றில் உத்தியோகம் பார்க்கிறான்.

"அப்பா, நீங்க இங்கே வந்தே ஆகணும். ஒரு மாசம் இருந்து பாருங்க. பிடிக்கலைன்னா நானே கொண்டுவந்து விட்டுடறேன்" என்று டெலிபோனில் பிடிவாதம் பிடித்தான். நவம்பரில் விமானம் ஏறினேன்.

மொம்பாஸா, கென்யா தேசத்தின் பெரிய துறைமுகம். பட்டணத்தின் பழைய பகுதி முழுவதும் ஒரு தீவில் இருக்கிறது. வடக்கே போகப் பாலம். தெற்கே போக மோட்டார்களையும் மனிதர்களையும் ஒன்றாக ஏற்றிச் செல்லும் பெரிய படகு. நடந்து வருகிறவர்களுக்கு அதில் காசு கிடையாது. பூமத்திய ரேகைக்கு நாலு டிகிரிதான் தெற்கே. ஆகவே விமானத்தை விட்டு இறங்கியதும் உப்பும் புழுக்கமுமாக முகத்தில் அடித்த காற்று, நாகப்பட்டினத்துச் சித்திரை மாதத்தை நினைவுபடுத்தியது. தென்னை, மா, பலா எல்லாம் இருந்தன. வேப்பமரங்கூட இருந்தது. அதற்கு அந்த ஊர் ஸ்வாஹிலி பாஷையில் 'முவாரோபைனி' என்று பெயர். நாற்பது வியாதிகளைத் தீர்க்குமாம்; அதனால் 'நாற்பது மரம்'! நம்முடைய மரத்துக்கு இப்படி ஒரு பட்டம் கொடுத்தவர்கள் நல்லவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று அன்றே தோன்றியது.

பிள்ளையின் வீடு பழைய நகரத்தின் ஓரத்தில், இரண்டாவது மாடியில். கீழ்வீட்டில், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். நான் போன இரண்டாவது வாரத்தில் அவருடைய பேரன் மாடி ஏறி வந்து, வாசலில் நின்றபடி "ஹோடி! ஹோடி!" என்று குரல் கொடுத்தான். 'உள்ளே வரலாமா?' என்று அர்த்தம். 'கரீபு' என்று பதில் சொன்ன பிறகே காலை எடுத்து வைத்தான். தாத்தா என்னைச் சனிக்கிழமை 'ஸா கூமி'க்குச் சாப்பிட அழைத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டான். என் பேரனுக்கு ஐந்து வயது. பத்து வரை எண்ணத் தெரியும். "தாத்தா, கூமின்னா பத்து" என்றான்.

சனிக்கிழமை காலை பத்து அடிக்கும்போது, சலவை வேஷ்டியும் கையில் ஒரு சீப்பு வாழைப்பழமுமாகப் போய் நின்றேன். அந்த வீட்டு அம்மாள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நம் துருவுமணையேதான், ஆனால் அங்கே அதற்கு 'ம்பூஸி', அதாவது ஆடு, என்று பெயர்! என்னைக் கண்டு அவள் ஒரு கணம் திகைத்தாள். உடனே பெரியவர் வந்து கையைப் பிடித்து உட்கார வைத்தார். ஏலக்காய் மணக்கும் மஹாம்ரி என்ற முக்கோண அப்பமும், தேங்காய்ப்பாலில் வெந்த முழுத் துவரையும் வந்தன. ஒரு மணி நேரம் பேசியிருந்துவிட்டு, விருந்து முடிந்ததென்ற திருப்தியுடன் மாடிக்கு வந்து படுத்தேன்.

மாலை நாலு மணிக்கு மறுபடியும் "ஹோடி!" தாத்தா இலை போட்டாற்போல் எல்லாம் தயார் செய்துவிட்டுக் காத்திருக்கிறாராம்!

அப்புறந்தான் விஷயம் விளங்கிற்று. அந்த ஊரில் வருஷம் முழுவதும் சூரியன் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உதிக்கிறது. ஒரே நேரத்தில் மறைகிறது. ஆகவே ஸ்வாஹிலிக்காரர்கள் உதயத்திலிருந்து மணி எண்ணுகிறார்கள். நம் கடிகாரத்தின் ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. அவர்களுடைய பத்து மணி நமக்கு மாலை நாலு. உதயாதி நாழிகை பார்த்து ஜாதகம் எழுதிய பரம்பரையில் பிறந்த நான் இதில் ஏமாந்ததுதான் வெட்கம். ஆனால் ஒன்று கவனியுங்கள்: காலையில் அந்த வீட்டில் ஒருவராவது, 'ஐயா, நீங்கள் ஆறு மணி நேரம் முன்னால் வந்துவிட்டீர்கள்' என்று சொல்லவில்லை. வந்தவன் விருந்தாளி, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு சாயங்காலங்களில் பெரியவருடைய திண்ணையே கதி என்றாகிவிட்டது. ஆமாம், அசல் திண்ணை! பழைய நகரத்தின் குறுகிய சந்துகளில் வீட்டுக்கு வீடு கல் திண்ணை உண்டு. 'பராஸா' என்பார்கள். மந்திரி சபைக்குக்கூட அந்தப் பாஷையில் 'மந்திரிகளின் பராஸா' என்றுதான் பெயர். இருட்டுகிற நேரத்தில், அடியில் கரி கனலும் பித்தளைக் கூஜாவுடன் காப்பிக்காரன் கிண்ணங்களைக் 'கிணுகிணு' என்று ஒலித்துக்கொண்டு வருவான். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. இஞ்சி தட்டிப் போட்ட கறுப்புக் கஷாயம்! கும்பகோணத்துக் காப்பியில் ஊறிய நாக்கு முதல் வாரம் கலகம் செய்தது. மூன்றாவது வாரம், இரண்டாவது கிண்ணம் கேட்டது.

அந்தத் திண்ணையில்தான் ஒரு நாள் அவருடைய நண்பர் ஒருவர், "ம்ஸே, உங்கள் மனைவி வரவில்லையா?" என்று இங்கிலீஷில் கேட்டார். 'ம்ஸே' என்றால் பெரியவர் என்று மரியாதை. நான் விஷயத்தைச் சொன்னேன்.

"போலே" என்றார் அவர். "போலே, ம்ஸே" என்றார் அடுத்தவர். திண்ணையில் இருந்த நாலு பேரும் ஒவ்வொருவராக அந்த ஒரு சொல்லைச் சொன்னார்கள். பிறகு பேசாமல் என்னோடு உட்கார்ந்திருந்தார்கள்.

நேயர்களே, எங்கள் ஊரில் துக்கம் விசாரிக்க வந்தவர்களை நான் குறை சொல்லவில்லை. எல்லாரும் பிரியத்தோடுதான் வந்தார்கள். ஆனால் என்ன வியாதி, எந்த டாக்டர், எத்தனை நாளாக இருந்தது என்று ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில், "இன்னும் கொஞ்சம் முந்திப் பார்த்திருக்கலாமோ?" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வாக்கியத்தை நாலு மாதம் இருட்டுக் கூடத்தில் வைத்துக்கொண்டு விழித்திருந்தேன். அந்தத் திண்ணையில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதனாலேயே நானாகச் சொன்னேன். அவள் கடைசி வாரத்தில் பட்ட பாட்டைச் சொன்னேன். அதுவரை அதை என் பிள்ளையிடங்கூடச் சொன்னதில்லை.

தெருவில் ஒரு குழந்தை தடுக்கி விழுந்தாலும் 'போலே' என்கிறார்கள். சுமை தூக்கி வருகிறவனைப் பார்த்தாலும் 'போலே' என்கிறார்கள். தப்பு யாருடையது என்ற ஆராய்ச்சி அதில் இல்லை. இன்னொரு விசேஷம்: அதே சொல்லுக்கு 'மெதுவாக' என்றும் ஓர் அர்த்தம் உண்டு. வருத்தத்துக்கும் நிதானத்துக்கும் ஒரே வார்த்தை வைத்திருக்கிறார்கள்!

அமாவாசையன்று என் மருமகள், "மாமா, பால்கனியில் காக்காய்க்குச் சாதம் வைக்கலாமா?" என்று கேட்டாள். வைத்தோம். நம் ஊரில் ஒரு காக்கையைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வற்றும்; அங்கேயோ முப்பது, நாற்பது வந்து இறங்கிவிட்டன. அக்கம்பக்கத்தில் ஒரே கூக்குரல். பெரியவர் மேலே வந்தார். அந்தக் காக்கைகள் ஆப்பிரிக்கப் பறவைகளே அல்லவாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஸான்ஸிபார் தீவில் குப்பையைத் தின்பதற்காக இந்தியாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். அவை பெருகிக் கடற்கரை முழுவதும் பரவி, உள்ளூர்க் குருவிகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று தீர்க்கின்றன. விஷம் வைத்துக்கூடப் பார்த்திருக்கிறார்கள்.

எனக்கு உடம்பு கூசிப் போயிற்று. "இனிமேல் வைக்கவில்லை" என்றேன். எதற்காக வைத்தேன் என்று கேட்டார், சொன்னேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "ஒரு பிடி வையுங்கள். ஒன்று வந்து எடுத்ததும் தட்டை உள்ளே எடுத்து விடுங்கள். அக்கம்பக்கத்தாரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்" என்றார். அடுத்த அமாவாசைகளில் அப்படியே செய்தோம். யாரும் முகம் சுளிக்கவில்லை.

இன்னொரு நாள் அவர் ஒரு மரப்பலகையைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்கு வந்தார். பார்த்ததும் என் நெஞ்சு 'திக்'கென்றது. பல்லாங்குழி! எங்கள் வீட்டுப் பலகையில் பதினாலு குழி. அதில் நாலு வரிசையாக முப்பத்திரண்டு குழி, அறுபத்து நாலு காய். 'பாவோ' என்பது ஆட்டத்தின் பெயர். காயை எடுத்துப் பார்த்தேன், நம் கழற்சிக்காய்! என் மனைவி மத்தியான்னங்களில் பல்லாங்குழியை எடுத்து வைத்துக்கொண்டு என்னை ஆடக் கூப்பிடுவாள். "அது பெண் பிள்ளைகள் ஆட்டம்" என்று சொல்லிப் பத்திரிகைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். நாற்பத்தொரு வருஷத்தில் பத்துத் தடவை ஆடியிருந்தால் அதிகம். அங்கேயோ ஆண் பிள்ளைகள், தாடி நரைத்தவர்கள், சதுரங்க வீரர்களைப் போல் அதில் மூழ்கிக் கிடந்தார்கள்! நானும் கற்றுக்கொண்டேன். ஒரு முறைகூட ஜெயிக்கவில்லை. தோற்கும்போதெல்லாம் அவள் சிரிப்பது போல் இருந்தது. அது கஷ்டமாகவும் இருந்தது, நன்றாகவும் இருந்தது.

ஒரு மாதம் என்றது மூன்று மாதமாயிற்று. பிள்ளை அனுமதியை இன்னும் மூன்று மாதத்துக்கு நீட்டித்தான். எனக்கோ உள்ளூறச் சங்கோசம். 'வந்த விருந்தாளி இவ்வளவு நாள் தங்கலாமா?' என்று பெரியவரிடம் கேட்டேவிட்டேன். அவர் என்னைப் பழைய துறைமுகத்துக்கு அழைத்துச் சென்றார். அருகில் போர்ச்சுகீசியர் 1593-ல் கட்டத் தொடங்கிய ஜீஸஸ் கோட்டை. ஓமான் அராபியர் அதை 1696-லிருந்து இரண்டே முக்கால் வருஷம் முற்றுகையிட்டுப் பிடித்தார்கள். காத்திருப்பது அந்த ஊருக்குப் பழக்கந்தான்.

"பாய்மரக் கப்பல்கள் கஸ்காஸிக் காற்றில் இங்கே வரும்" என்றார் அவர். கஸ்காஸி என்பது நம் வடகிழக்குப் பருவக்காற்றேதான். அரேபியாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பல்களைத் தள்ளிக்கொண்டு வரும். திரும்பிப் போக, ஏப்ரலில் கூஸி என்ற தெற்கத்திக் காற்று எழ வேண்டும். அதுவரையில் மாலுமிகளும் வியாபாரிகளும் மாதக் கணக்கில் தங்கியிருப்பார்கள். "எப்போது போகப் போகிறாய் என்று இங்கே யாரும் கேட்டதில்லை. காற்று திரும்பினால் போவார்கள்" என்றார்.

வாஸ்கோடகாமா கதை உங்களுக்குத் தெரியும். 1498 ஏப்ரலில் மொம்பாஸாவுக்கு வந்து, சந்தேகப்பட்டு விலகி, வடக்கே மாலிந்தியில் ஒரு வழிகாட்டியைப் பெற்றுக்கொண்டு, சரியான காற்றில் மூன்றே சொச்சம் வாரத்தில் கடலைக் கடந்து கோழிக்கோட்டை அடைந்தார். திரும்பும்போது காற்று மாறக் காத்திராமல் கிளம்பினார். அதே கடலைக் கடக்க ஏறக்குறைய மூன்று மாதம் ஆயிற்று. மாலுமிகள் பலர் வழியிலேயே நோயில் மாண்டார்கள். "ஹராகா ஹராகா ஹைனா பராகா" என்று பெரியவர் முடித்தார். அவசரத்தில் அருள் இல்லை என்று பொருள். பதறாத காரியம் சிதறாது என்று நம் பாட்டிமார் சொன்னதுதான்.

ஏப்ரல் கடைசியில் பெருமழை பிடித்தது. ஒரு மாலை மழை விட்டதும் கடற்கரையில் நின்றேன். தெற்கேயிருந்து காற்று வேஷ்டியைப் படபடவென்று அடித்தது. அப்போது, மாயவரத்து வீட்டுக் கூடத்தின் நினைவு வந்தது. இருட்டு நினைவல்ல, வெள்ளிக்கிழமையன்று அவள் விளக்கேற்றி வைத்திருக்கும் கூடம். வீட்டுக்கு வந்து, "டிக்கெட் வாங்கிடுப்பா" என்றேன். பிள்ளை என் முகத்தைப் பார்த்தான். ஏன் என்று கேட்கவில்லை. அவனும் அந்த ஊரில் பல வருஷம் இருந்தவன் அல்லவா?

மே மாதம் திரும்பினேன். கூடத்து விளக்கைப் போட்டேன். மறுநாள் அலமாரியைத் திறந்தேன். புடவைகளுக்கு அடியில் பல்லாங்குழிப் பலகையும் ஒரு சுருக்குப்பை நிறையச் சோழியும் இருந்தன. அவற்றை எடுத்துத் திண்ணையில் வைத்திருக்கிறேன். தெருக் குழந்தைகள் வந்து ஆடுகிறார்கள். பாவோவில் வாங்கிய அடியெல்லாம் வீண் போகவில்லை. இங்கே அவ்வப்போது ஜெயிக்கிறேன்.

போன வாரம் எங்கள் தெருக்கோடி வீட்டில் ஒரு துக்கம். அந்த வீட்டுக்காரர் என் வயசுக்காரர். போனேன். என்ன வியாதி என்று கேட்கவில்லை. எந்த டாக்டர் என்றும் கேட்கவில்லை. 'போலே' என்ற சொல்லுக்குத் தமிழில் சட்டென்று ஒரு வார்த்தை அகப்படாததால், பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அரைமணி கழித்து அவராகவே பேச ஆரம்பித்தார்.